டிஎன்ஏ துண்டு துண்டான பிறகும் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது?

கேட்கப்பட்டது இதுதான்: வெயில், வறட்சி, கதிர்வீச்சு போன்றவற்றால் டிஎன்ஏ உடைந்து சிதறிய பிறகும் சில பாக்டீரியாக்கள் எப்படிப் பிழைத்துக்கொள்கின்றன? எந்த முனையை எந்த முனையோடு சேர்க்க வேண்டும் என்பது ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்? கதிர்வீச்சுக்கே அசையாத டைனோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவைக் கொல்லவே முடியாதா?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. எந்த முனை எதற்கு உரியது என்பது பாக்டீரியாவுக்குத் தெரியாது. உடைந்த முனையில் முகவரி எதுவும் எழுதியிருப்பதில்லை. ஆகவே பெரும்பாலான பாக்டீரியாக்கள் முனைகளை நேரடியாக ஒட்ட முயல்வதே இல்லை. அதே எழுத்து வரிசை (டிஎன்ஏ இழையில் கோத்திருக்கும் வேதி அலகுகளையே எழுத்து என்கிறேன்) உடையாமல் இருக்கும் இன்னொரு படியைச் செல்லுக்குள்ளேயே தேடிப்பிடித்து, அதைப் பார்த்து, போன பகுதியைப் புதிதாக எழுதிக்கொள்கின்றன. பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்த வேலையும் ஏறத்தாழ இதுவே. ஓலை முறிந்து இரண்டு வரி போய்விட்டால், முறிந்த ஓரங்களை அருகருகே வைத்துப் பயனில்லை. அதே நூலின் வேறொரு பிரதியைத் தேடி, முறிவுக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களை அதில் கண்டுபிடித்து, இடையில் இருப்பதைப் படியெடுக்க வேண்டும். இந்த உவமையைக் கீழே பல இடங்களில் பயன்படுத்துகிறேன். அது பொருந்தாமல் போகும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் சேதம் வேறு, முறிவு வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைப் பெரும்பாலும் முறிப்பதில்லை. ஒரே இழையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு தைமின் எழுத்துகளைப் பின்னிப்போட்டுவிடுகிறது. இதற்குப் பாக்டீரியாவிடம் எளிய தீர்வுகள் உள்ளன. ஃபோட்டோலையேஸ் என்ற நொதி நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டே அந்தப் பின்னலை அவிழ்த்துவிடும். இளநிலை மாணவர்களுக்குப் புற ஊதாப் பரிசோதனை நடத்தும்போது பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளைக் கறுப்புத் தாளில் சுற்றி வைக்கச் சொல்வது இதனால்தான். ஒருமுறை என் வகுப்பில் ஒரு குழுவினர் பாதித் தட்டுகளைச் சுற்றிவிட்டு மீதியைச் சன்னலோரம் மறந்து வைத்துவிட்டனர். மறுநாள் காலை சுற்றிய தட்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கூட்டங்கள் வளர்ந்திருந்தன; சன்னலோரத் தட்டுகளிலோ எண்ணி மாளவில்லை. பரிசோதனை கெட்டுவிட்டது என்று அவர்கள் வருந்தினர். ஆல்பர்ட் கெல்னர் 1949-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பை அவர்கள் தம்மை அறியாமலே திரும்பச் செய்திருந்தனர் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

ஒளி இல்லாத இடத்தில் யுவிஆர் ஏ, பி, சி என்னும் மூன்று புரதங்கள் சேதமடைந்த எழுத்தின் இருபுறமும் வெட்டி, பன்னிரண்டு பதின்மூன்று எழுத்து நீளமுள்ள துண்டை எடுத்துவிடுகின்றன. இடைவெளியை நிரப்ப எதிர் இழையே போதும், ஏனெனில் டிஎன்ஏவின் ஒவ்வோர் இழையும் மற்றதன் படி. இப்படி ஓரிழை மட்டும் கெட்டிருக்கும்வரை செல்லுக்குப் பெரிய கவலையில்லை. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதையே இரட்டை இழை முறிவு என்கிறோம். அங்கே எதிர் இழையும் இல்லை. குரோமோசோம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. காமாக் கதிரும், செல் உலர்ந்து மீண்டும் நனைவதும், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிகரணப் பொருள்களும் இத்தகைய முறிவுகளை உண்டாக்கும். வெளியிலிருந்து எந்தத் தாக்குதலும் இல்லாதபோதுகூட, டிஎன்ஏவைப் படியெடுக்கும் இயந்திரம் ஓரிழை அறுந்த இடத்தைக் கடக்க முயலும்போது அது இரட்டை முறிவாக மாறிவிடுவது உண்டு. ஆகவே இந்தப் பழுதுபார்ப்பு ஆபத்துக் காலத்துக்கு மட்டும் உரிய கருவியன்று. அன்றாட வாழ்க்கைக்கே வேண்டியது.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் இது எப்படி நடக்கிறது என்பதே மிக நுணுக்கமாக அறியப்பட்டுள்ளது. முறிந்த முனையில் முதலில் வந்து அமர்வது ரெக்பிசிடி என்ற புரதக் கூட்டு. அதில் இரண்டு மோட்டார்கள் உள்ளன: ரெக்பி ஓர் இழையின் மீதும் ரெக்டி மற்றோர் இழையின் மீதும் ஓடுகின்றன. நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்து இணைகள் என்ற வேகத்தில் இரட்டை இழையைப் பிரித்துக்கொண்டே, பிரிந்த இழைகளை வெட்டித் தின்றுகொண்டும் போகின்றன. உடைந்ததைச் சரிசெய்ய வந்தவர் ஏன் மேலும் அழிக்கிறார் என்ற கேள்வி இங்கே எழும். விடை, கூட்டின் மூன்றாம் உறுப்பான ரெக்சியிடம் இருக்கிறது. அது கடந்து செல்லும் இழையில் ஜி-சி-டி-ஜி-ஜி-டி-ஜி-ஜி என்ற எட்டெழுத்துத் தொடரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கிரேக்க எழுத்தொன்றின் பெயரால் இதைக் ‘கை’ என்பார்கள். நம் கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கை தென்பட்டவுடன் இயந்திரத்தின் நடத்தை மாறிவிடுகிறது. ஓரிழையை மட்டும் வெட்டிக்கொண்டு, மற்ற இழையை வால்போல நீளமாக விட்டுவைக்கிறது. அந்த வாலின் மீது ரெக்ஏ என்ற புரதத்தைத் தானே ஏற்றியும் விடுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. ஈ.கோலையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்து இணைகள் கொண்டது. அதில் கை ஏறக்குறைய ஆயிரம் இடங்களில் வருகிறது. தற்செயலாக வரக்கூடியதைவிட இது மிக அதிகம். செல்லுக்குள் நுழையும் வைரஸின் டிஎன்ஏவில் கை பொதுவாக இருப்பதில்லை. ஆக, முறிந்த முனை ஒன்று கிடைத்தால் ரெக்பிசிடி அதை முதலில் அந்நியமாகவே கருதி அழிக்கத் தொடங்குகிறது. உள்ளே கை என்ற சொந்த முத்திரை தென்பட்டால் மட்டும் பழுதுபார்க்கும் வேலைக்கு மாறுகிறது. காவலும் கொத்தனார் வேலையும் ஒரே ஆளிடம். வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. லாம்டா என்ற வைரஸ் ரெக்பிசிடியின் வாயை அடைக்கும் காம் என்ற புரதத்தைத் தன்னோடு வைத்திருக்கிறது.

அடுத்த கட்டம் தேடல். ரெக்ஏ புரதங்கள் ஓரிழை வாலைச் சுற்றி வரிசையாக அமர்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று எழுத்துகளைப் பிடித்துக்கொள்ள, இழை இயல்பு நீளத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இழுபடுகிறது. இந்த இழுபட்ட இழை செல்லுக்குள் உள்ள மற்ற டிஎன்ஏவை இடம் இடமாகத் தொட்டுப் பார்த்து, எழுத்துகள் ஒத்துப்போகும் இடம் கிடைத்ததும் அங்கே நுழைந்து அமர்கிறது. ரெக்ஏ மரபணு கெட்டுப்போன ஈ.கோலை வகையை ஆல்வின் கிளார்க், ஆன் டீ மார்குலீஸ் இருவரும் 1965-இல் கண்டறிந்தனர். அவ்வகைச் செல்லால் வெளி டிஎன்ஏவைத் தன் டிஎன்ஏவோடு இணைத்துக்கொள்ள முடியவில்லை. புற ஊதாக் கதிருக்கும் அது மிக எளிதில் இறந்தது. மரபணுக் கலப்பும் பழுதுபார்ப்பும் ஒரே வேலையின் இரு முகங்கள் என்பது அப்போதுதான் துலங்கத் தொடங்கியது.

நாற்பத்தாறு இலட்சம் எழுத்துகளில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சுவீடனில் யோகன் எல்ஃபின் குழு, உயிருள்ள ஈ.கோலை செல்களில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முறிவை உண்டாக்கி, ஒளிரும் குறிகள் மூலம் நுண்ணோக்கியில் பின்தொடர்ந்து 2021-இல் விடை தந்தது. முறிவிலிருந்து முழுப் பழுதுபார்ப்பு வரை சராசரியாக 15 நிமிடம். தேடல் முடிவதற்கு ஏறத்தாழ 9 நிமிடம். நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் உயிரிக்கு இது நெருக்கடியான கெடுதான், ஆனால் எட்டக்கூடியது. இடம் கிடைத்த பிறகு, நுழைந்த இழையை நீட்டி எழுதும் வேலையை டிஎன்ஏ பாலிமரேஸ் செய்கிறது. படியும் மூலமும் பின்னிக் கிடக்கும் நான்குமுனைச் சந்திப்பை ரூவ் ஏ, பி, சி ஆகிய புரதங்கள் நகர்த்தி வெட்டிப் பிரித்துவிடுகின்றன.

இந்தக் கதை முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மீது நிற்கிறது: இன்னொரு பிரதி இருக்க வேண்டும். 1977-இல் க்ராசின், ஹட்சின்சன் இருவரும் இதைத் தெளிவாகக் காட்டினர். வேகமாக வளரும் ஈ.கோலை செல்லில், ஒரு படியெடுப்பு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுவதால், மரபணுத்தொகுதியின் நான்கைந்து பிரதிகள் இருக்கும். மெதுவாக வளர வைத்தால் ஒன்றுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். இரண்டு வகைச் செல்களுக்கும் காமாக் கதிர் பாய்ச்சியபோது, பல பிரதிகள் உள்ளவை இரட்டை முறிவுகளைச் சரிசெய்தன. ஒரே பிரதி உள்ளவற்றால் முடியவில்லை. நொதிகள் இரண்டிலும் ஒன்றே.

பழுது ஓரிரண்டு முறிவோடு நிற்காமல் பெருகினால் செல் தன் முழு வாழ்க்கை முறையையும் மாற்றிக்கொள்கிறது. இதற்குத்தான் எஸ்.ஓ.எஸ். எதிர்வினை என்று பெயர்; கப்பல்கள் அனுப்பும் அபாயக் குறியின் பெயரை இதற்கு வைத்தவர் மிரோஸ்லாவ் ராட்மன். அவருக்கு இணையாக இக்கருத்தை வளர்த்தவர் எவலின் விட்கின். 1944 கோடையில், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் தாம் செய்த முதல் பரிசோதனையிலேயே, புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய எல்லாம் மடிந்த தட்டில் நான்கே நான்கு கூட்டங்கள் மட்டும் பிழைத்து நிற்பதை அவர் கண்டார். அந்த நால்வர் ஏன் பிழைத்தனர் என்ற கேள்வியைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, 2015-இல் லாஸ்கர் விருது பெற்று, 2023-இல் தம் 102-ஆம் வயதில் மறைந்தார்.

எஸ்.ஓ.எஸ். இயங்கும் முறை இதுதான். சாதாரண நாளில் லெக்ஸ்ஏ என்ற புரதம் பழுதுபார்ப்பு தொடர்பான நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் வாயிலில் அமர்ந்து அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. எங்கேனும் முறிவு நேர்ந்து ஓரிழை வால் வெளிப்பட்டு அதன் மீது ரெக்ஏ வரிசை கட்டினால், அந்த வரிசையைத் தொடும் லெக்ஸ்ஏ தன்னைத்தானே இரண்டாக அறுத்துக்கொள்கிறது; அறுபடும் இடம்கூடத் திட்டமானது, 84-ஆம் அமினோ அமிலத்துக்கும் 85-ஆவதற்கும் இடையில். அபாய மணி அடிப்பதற்குத் தனி ஆள் வேண்டியதில்லை. பழுது கிடக்கிறது என்பதற்கான சான்றே மணியையும் அடித்துவிடுகிறது. பழுது தீர்ந்தால் ரெக்ஏ வரிசை கலையும், லெக்ஸ்ஏ மீண்டும் சேரும், வாயில்கள் தாமே மூடிக்கொள்ளும்.

எல்லா மரபணுக்களும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலில் வருபவை யுவிஆர் போன்ற பிழையற்ற கருவிகள். அதன் பின் சல்ஏ என்ற புரதம் வந்து செல் பிரிவதைத் தடுக்கிறது. உடைந்த குரோமோசோமோடு செல் இரண்டாகப் பிரிந்தால் இரு மகவும் சாகும் என்பதால் இது தேவை. இதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். டிஎன்ஏவை முறிக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொல்லாத அளவில் கலந்த ஊடகத்தில் ஈ.கோலையை வைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஒரு துளி எடுத்துப் பாருங்கள். இரண்டு மைக்ரோமீட்டர் நீளமே உள்ள குட்டைக் கோல்களுக்கு நடுவே, பத்து மடங்கும் அதற்கு மேலும் நீண்ட நூல்கள் நெளிந்து கிடக்கும். வளர்ச்சி நிற்கவில்லை, பிரிவு மட்டும் நின்றிருக்கிறது. விட்கின் கண்ட நான்கு கூட்டங்களின் புதிரும் இங்கேதான் அவிழ்ந்தது. அவர் பயன்படுத்திய பி என்ற வகையில், சல்ஏவைச் சிதைத்து அகற்றும் லான் என்ற நொதி இல்லை. எனவே பழுது தீர்ந்த பிறகும் அச்செல்கள் பிரியாமல் நீண்டு நீண்டே மடிந்தன. பிழைத்தவற்றில் பிரிவைத் தடுக்கும் அந்தப் பிடியே கெட்டுப்போயிருந்தது. பழுதைத் தீர்ப்பதைப் போலவே, தீர்ந்த பின் தடையை நீக்குவதும் உயிர் பிழைப்புக்கு வேண்டும்.

கடைசியாக, இவ்வளவுக்கும் பிறகு பழுது தீராவிட்டால் மட்டும், ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்து, பாலிமரேஸ் ஐந்து என்ற நொதி களத்துக்கு வருகிறது. சிதைந்து படிக்க முடியாத எழுத்தின் எதிரே இது ஏதோ ஓர் எழுத்தை ஊகித்து எழுதிவிட்டு நகர்கிறது. ஏட்டின் தெளிவற்ற சொல்லுக்குப் படியெடுப்பவர் தாமே ஒரு சொல்லைப் போட்டு நிரப்பியதுபோல. இதனால் பாடபேதங்கள், அதாவது பிறழ்வுகள், பெருகுகின்றன. படி பிழையாக இருந்தாலும் முடிவில்லாமல் நின்றுபோவதைவிட மேல் என்பதே செல்லின் கணக்கு. செல்லுக்குள் ஒட்டுக்குடியாக இருக்கும் லாம்டா வைரஸுக்கும் இந்த மணியோசை கேட்கும். அதன் அடக்கிப் புரதமும் லெக்ஸ்ஏவைப் போலவே ரெக்ஏவைத் தொட்டதும் அறுந்துவிட, குளம் வற்றக் கண்ட பறவைபோல அது தன்னைப் பெருக்கிக்கொண்டு, செல்லை உடைத்து வெளியேறிவிடுகிறது.

இனி, உவமை பொருந்தாத இடம். பிரதியே இல்லாத செல் என்ன செய்யும்? உறங்குநிலையில் இருக்கும் காசநோய்க் கிருமியும், பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்தும் (கெட்ட காலத்தைக் கடக்க அது எடுக்கும் உறங்கு வடிவம்) பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுத்தொகுதியோடு நெடுங்காலம் காத்திருப்பவை. இவற்றிடம் கூ, லிக்டி என்னும் இரண்டு புரதங்கள் உள்ளன. கூ வளையமாக முறிந்த முனையைப் பிடித்துக்கொள்ள, லிக்டி முனையைச் சீவி, வேண்டிய எழுத்தைச் சேர்த்து, இரண்டையும் ஒட்டிவிடுகிறது. ஒப்பிட மூலம் இல்லாததால் ஒட்டிய இடத்தில் அடிக்கடி சில எழுத்துகள் கூடியோ குறைந்தோ போகும். இரண்டு முறிவுகள் ஒரே நேரத்தில் நேர்ந்தால் தவறான முனைகள் சேர்ந்துவிடவும் கூடும். மனிதச் செல்களில் உள்ள இம்முறை பாக்டீரியாவிலும் உண்டு என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதிப்பட்டது. ஈ.கோலையிடம் இது இல்லை. வித்துகள் இதை மட்டும் நம்பியிருப்பதுமில்லை: டிஎன்ஏவைச் சிறு புரதங்களால் போர்த்தி, உள்ளிருக்கும் நீரைக் குறைத்து, டைபிகோலினிக் அமிலத்தைக் கால்சியத்தோடு நிறைத்து, சேதம் நேராமலே பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் முதல் உத்தி.

இப்போது டைனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ். 1956-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள கோர்வாலிஸில் ஆர்தர் ஆண்டர்சன், தகர டப்பாவில் அடைத்த இறைச்சியைக் காமாக் கதிரால் கெடாமல் காக்க முடியுமா என்று ஆராய்ந்தபோது, அறிந்த உயிர் எல்லாவற்றையும் கொன்றிருக்க வேண்டிய அளவு கதிர் பாய்ச்சிய பிறகும் ஒரு டப்பா கெட்டுப்போனது. அதில் கிடைத்தது நான்கு நான்காக ஒட்டியிருக்கும், இளஞ்சிவப்பு நிறக் கோளவடிவப் பாக்டீரியா. கிரே என்பது உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு. மனிதனுக்கு உடல் முழுவதும் 5 கிரே கதிர் பட்டாலே மருத்துவம் இன்றிப் பிழைப்பது அரிது. இதுவோ 5,000 கிரேயை ஏறக்குறைய இழப்பின்றித் தாங்குகிறது.

இதன் டிஎன்ஏ உடைவதில்லை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உடைகிறது. ஒரே அளவு கதிருக்கு, ஒரே நீள டிஎன்ஏவில், ஈ.கோலைக்கு எத்தனை முறிவோ அத்தனைதான் இதற்கும். 5,000 கிரேயில் ஒரு மரபணுத்தொகுதிக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இரட்டை முறிவுகள். 1999-இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, ஏதோ அதிசய நொதி கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பழுதுபார்ப்புக் கருவிகளின் பட்டியல் ஈ.கோலையுடையதைப் போலவே இருந்தது, ரெக்பிசிடிகூட இல்லை. ரெக் எஃப், ஓ, ஆர் என்ற வேறு மூன்று புரதங்கள் ரெக்ஏவை ஏற்றும் வேலையைச் செய்கின்றன.

ராட்மனும் க்செனியா சக்ராட்காவும் அவர்கள் குழுவினரும் 2006-இல் இதன் உத்தியை வெளிக்கொணர்ந்தனர். இச்செல்லில் எப்போதும் நான்கு முதல் பத்து வரை மரபணுத்தொகுதிப் பிரதிகள் இருக்கும். கதிர் எல்லாப் பிரதிகளையும் நொறுக்கினாலும், ஒவ்வொன்றும் நொறுங்கும் இடம் வேறு. நான்கு சுவடிகளும் சிதைந்து போனாலும், ஒன்றில் முறிந்த வரி இன்னொன்றின் துண்டில் நடுவே முழுதாக இருக்குமல்லவா, அதுபோல. முதல் ஒன்றரை மணி நேரம் வெளியே எதுவும் நடப்பதாகத் தெரியாது. பிறகு ஒவ்வொரு துண்டின் முனையும் ஓரிழை வாலாகச் சீவப்பட்டு, தன் வரிசையைக் கொண்ட வேறொரு துண்டுக்குள் நுழைந்து, அதை அச்சாகக் கொண்டு நெடுந்தூரம் எழுதிக்கொண்டே போகிறது. இப்படி நீண்ட புதிய இழைகள் ஒன்றையொன்று மேற்படிந்து பொருந்தி ஒட்டிக்கொள்கின்றன. இறுதியில் ரெக்ஏ அவற்றைக் குறுக்கே மாற்றி முழு வளையங்களாக்குகிறது. மூன்று நான்கு மணி நேரத்தில், இருபது முப்பதாயிரம் எழுத்துத் துண்டுகளாகக் கிடந்தது முழுக் குரோமோசோம் ஆகிவிடுகிறது. புதிதாக எழுதப்படும் இடங்களில் மட்டும் புரோமின் சேர்ந்த எழுத்தைப் புகுத்தி, பின்னர் புற ஊதாக் கதிரால் அவ்விடங்களை மட்டும் அறுத்துப் பார்த்தபோது, திரண்டெழுந்த குரோமோசோம் பழைய துண்டும் புதிய எழுத்தும் மாறி மாறித் தைத்த ஒட்டுத்துணியாக இருப்பது தெரிந்தது.

ஆனாலும் ஈ.கோலையிடமும் பல பிரதிகள் உண்டு, ரெக்ஏ உண்டு. அது ஏன் அந்த அளவில் மடிகிறது? இங்கேதான் டைனோகாக்கஸை ஆராய்ந்த மைக்கேல் டேலியின் வாதம் முக்கியமாகிறது. கதிர் டிஎன்ஏவை மட்டும் தாக்குவதில்லை, செல்லில் உள்ள நீரையும் பிளந்து ஆக்சிகரணப் பொருள்களை உண்டாக்குகிறது. அவை புரதங்களைக் கெடுக்கின்றன. பழுதுபார்க்க வேண்டிய நொதிகளே பழுதாகிவிட்டால் பிரதிகள் எத்தனை இருந்தும் என்ன பயன்? டைனோகாக்கஸின் செல்லில் இரும்பு குறைவு, மாங்கனீசு மிகுதி. மாங்கனீசு, ஃபாஸ்பேட்டோடும் சிறு பெப்டைடுகளோடும் சேர்ந்து அந்த ஆக்சிகரணப் பொருள்களை விழுங்கிப் புரதங்களைக் காக்கிறது. இதற்கு நேரெதிர், இரும்பு மிகுந்த ஷெவனெல்லா என்ற பாக்டீரியா. அதன் மரபணுத்தொகுதியில் சராசரியாக ஒரு முறிவுகூட நேராத அளவு கதிரிலேயே அதில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. அதைக் கொல்வது டிஎன்ஏ முறிவாக இருக்க முடியாது.

புரதக் காப்பே எல்லாம் என்று சொல்லிவிடவும் கூடாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் காக்ஸின் குழு, ஈ.கோலைக்குக் கதிர் பாய்ச்சி, பிழைத்தவற்றை வளர்த்து, மீண்டும் பாய்ச்சி என்று இருபது சுற்றுகள் நடத்தி, 3,000 கிரேயைத் தாங்கும் வகைகளைப் பெற்றது. அவற்றில் திரும்பத் திரும்ப மாறியிருந்த மரபணுக்களில் ரெக்ஏவும் ஒன்று. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. நொதிகள் பிழைத்திருக்க வேண்டும், பிழைத்த நொதிகள் தம் வேலையில் தேர்ந்தும் இருக்க வேண்டும்.

இத்தனை கதிரைத் தாங்கும் திறன் இதற்கு எதற்கு? பூமியில் இயற்கையாக இவ்வளவு கதிர்வீச்சு எங்கும் இல்லை. கதிரியக்கத் தோரியம் கலந்த மோனசைட் மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளி, நம் மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைகள் உலக அளவில் பேர்பெற்றவை. அங்கும் மிக அதிகமான இடங்களில் ஆண்டுக்குச் சில பத்து மில்லிகிரே அளவுதான். அந்த மணலிலேயே கிடந்தாலும் 5,000 கிரே சேர ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆண்டு ஆகும். மாட்டிமோர், பாட்டிஸ்டா இருவரும் 1996-இல் காட்டிய விடை எளிமையானது: கதிரைத் தாங்க முடியாமல் போன டைனோகாக்கஸ் பிறழ்வு வகைகள் அனைத்தும் உலர்வையும் தாங்க முடியாமல் போயின. உலர்ந்து கிடப்பதும் டிஎன்ஏவைப் பல இடங்களில் முறிக்கிறது, புரதங்களைக் கெடுக்கிறது. ஈரம் காய்ந்து, மாதக்கணக்கில் தூசியாகக் கிடந்து, ஒரு மழையில் உயிர்த்தெழும் வாழ்க்கைக்காக வந்த திறனே கதிருக்கும் உதவுகிறது. 2020-இல் வெளியான ஜப்பானியரின் தன்போபோ ஆய்வில், உலர்ந்த டைனோகாக்கஸ் அடைகள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்றாண்டுகள் கிடந்தும் உயிரோடு திரும்பின. மேலடுக்குச் செல்கள் செத்து, அடியில் உள்ளவற்றுக்குக் கூரையாகியிருந்தன.

இந்த அறிவு மருத்துவத்தில் எங்கே வந்து நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்ப மருந்துகள், டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்த அதை வெட்டி ஒட்டும் ஜைரேஸ் நொதியை, வெட்டிய நிலையிலேயே சிக்கவைத்துவிடுகின்றன. அதாவது மருந்தே இரட்டை முறிவுகளை உண்டாக்குகிறது, கூடவே எஸ்.ஓ.எஸ். மணியையும் அடித்துவிடுகிறது, ஊகித்து எழுதும் நொதியையும் வரவழைக்கிறது. லெக்ஸ்ஏ அறுபட முடியாதபடி மாற்றப்பட்ட ஈ.கோலையை எலிகளில் தொற்றவைத்து சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தபோது மருந்து எதிர்ப்பு தோன்றவில்லை என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. சென்னைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1992-இல் இங்கே முதலில் தலைகாட்டிய ஓ139 என்னும் காலரா வகையில்தான், பல மருந்துகளுக்கு எதிர்ப்புத் தரும் எஸ்.எக்ஸ்.டி. என்ற டிஎன்ஏத் துண்டு கண்டறியப்பட்டது. அத்துண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை எஸ்.ஓ.எஸ். எதிர்வினை பெருக்குகிறது என்பது 2004-இல் தெரியவந்தது. அரைகுறையாக உட்கொள்ளும் மருந்து, கிருமியைக் கொல்லாமல் அபாய மணியை மட்டும் அடித்துவிட்டால், எதிர்ப்பு மரபணுக்கள் பரவ அதுவே வழிவிடக்கூடும். எஸ்.ஓ.எஸ். எதிர்வினையைத் தடுக்கும் மருந்தை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்ற தேடல் இதனால்தான் நடக்கிறது.

கடைசிக் கேள்வி: டைனோகாக்கஸைக் கொல்லவே முடியாதா? தாராளமாக முடியும். இது வித்து உண்டாக்காத, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி நன்கு வளரும் பாக்டீரியா. ஆய்வகத்தில் எல்லாக் கழிவுக்கும் செய்வதுபோல ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்தால் அதன் கதை முடிந்தது. வெப்பம் புரதங்களை முட்டை வெந்ததுபோலக் கட்டியாக்கிவிடும். அப்புறம் எத்தனை பிரதிகள் இருந்தாலும் படியெடுக்க ஆள் இல்லை. கதிரிலும் அதற்கு எல்லை உண்டு. மருத்துவமனை ஊசிகளையும் கையுறைகளையும் கிருமி நீக்கம் செய்ய வழக்கமாகப் பாய்ச்சும் 25,000 கிரே அதன் எல்லையைத் தாண்டியது.